பிலிப்பைன்ஸிலிருந்து கணவரும் பிள்ளைகளும் வினிபெக் வரும்போது எங்கே சிக்கும்?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிக்கொள்கிறேன். வினிபெக்கில் முதியோர் இல்லம் ஒன்றில் உங்களோடு வேலை பார்க்கும் பிலிப்பினோ தோழி பராமரிப்பாளராக வந்து ஏழு ஆண்டு ஆகிறது. பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) விண்ணப்பத்தில் இலோய்லோவில் இருக்கும் கணவரையும் 16, 10 வயதுப் பிள்ளைகளையும் சேர்த்திருக்கிறார். பிள்ளைகள் பாட்டியிடம் வளர்ந்தவர்கள். கணவர் எலக்ட்ரீஷியன். "என்னென்ன எடுத்துவரச் சொல்ல வேண்டும், நம்மவர்கள் வருவதற்கும் இவர்கள் வருவதற்கும் என்ன வித்தியாசம்" என்பது உங்கள் கேள்வி. பெட்டியில் என்ன வைப்பது என்பது கடைசி வாரத்து வேலை, அது தவறினாலும் பெரிய நஷ்டம் இல்லை. புறப்படும் முன் எந்தக் காகிதம் மாதக்கணக்கில் இழுக்கும், வந்து இறங்கியபின் வீட்டுக்குள் எது பிசகும் என்பதைத்தான் அவர் தெரிந்துகொள்ள வேண்டும். பிலிப்பினோ குடும்பங்களைப் பொறுத்தவரை முதலாவது பெரும்பாலும் பெயர்ச் சிக்கல். இரண்டாவது, தாயும் பிள்ளையும் மறுபடி பழகிக்கொள்வது. இரண்டுக்கும் நடுவே வருவதெல்லாம் சமாளிக்கக்கூடியவை.

குடியேறிகளுக்கு வழிகாட்டும் வேலையில் பல ஆண்டுகளாக இத்தகைய கோப்புகளோடு புழங்கிய அனுபவத்தில் எழுதுகிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. கீழே சட்டம், வயது வரம்பு, படிவம் என்று சொல்பவற்றை நம்பி நடக்கலாம். கோப்பு எத்தனை மாதத்தில் முடியும் என்பதை மட்டும் யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. "மூணு மாசத்துல முடிச்சுத் தர்றேன்" என்று காசு கேட்கும் ஏஜென்ட் யாராக இருந்தாலும் விலகிவிடச் சொல்லுங்கள்.

பெயரிலிருந்து தொடங்குவோம். பிலிப்பைன்ஸில் ஒருவருக்குச் சொந்தப் பெயர், நடுப்பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று பகுதி. நடுப்பெயர் என்பது தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர். மணமான பெண் கணவரின் குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டால், அவருடைய பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் நடுப்பெயர் இடத்துக்கு நகர்ந்துவிடும். எடுத்துக்கொள்வது கட்டாயமும் இல்லை. கனடாப் படிவங்களில் சொந்தப் பெயர், குடும்பப் பெயர் என்ற இரண்டு கட்டம்தான். அதனால் நடுப்பெயர் ஒரு காகிதத்தில் சொந்தப் பெயரோடு ஒட்டிக்கொள்ளும், இன்னொன்றில் குடும்பப் பெயரோடு சேரும், மூன்றாவதில் காணாமலே போகும். ரெயேஸ், சாந்தோஸ் என்று ஊரெல்லாம் ஒரே பெயர் இருக்கும் நாட்டில் அடையாளம் பிரித்துக் காட்டுவதே அந்த நடுப்பெயர்தான். ஆகவே நால்வருக்கும் பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அதே எழுத்து, அதே வரிசை எல்லா இடத்திலும் வர வேண்டும். 'டெலா க்ரூஸ்' ஒரு காகிதத்தில் சேர்ந்தும் இன்னொன்றில் பிரிந்தும் இருந்தால்கூட விளக்கக் கடிதம் ஒன்று இணைத்துவிடுவது நல்லது.

பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் இரண்டும் பிலிப்பைன்ஸ் புள்ளியியல் ஆணையமான பி.எஸ்.ஏ. தன் பாதுகாப்புத் தாளில் அச்சிட்டுத் தருபவையாக இருக்க வேண்டும். ஊர்ப் பதிவாளர் கொடுத்த நகல் மட்டும் போதாது. இங்கே மூன்று விதமாகச் சிக்கும். ஒன்று, ஊர்ப் பதிவாளர் ஏட்டில் பதிவு இருக்கும், பி.எஸ்.ஏ.வுக்குப் போயிருக்காது. 'பதிவு இல்லை' என்று சான்று வரும். அப்போது பதிவாளர் அலுவலகத்திலிருந்து பி.எஸ்.ஏ.வுக்கு முறைப்படி அனுப்பிவைக்கச் சொல்லி, அது ஏறும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டு, தாமதப் பதிவு. பிறந்து 30 நாளுக்குள் பதியாமல் பள்ளியில் சேர்க்கும் நேரத்தில் பதிந்த பிறப்புகள் கிராமங்களில் நிறைய. அத்தகைய சான்றிதழைக் கனடா அதிகாரி சந்தேகத்தோடு பார்ப்பது வழக்கம். தேவாலயத்து ஞானஸ்நானச் சான்று, படிவம் 137 என்று எல்லோரும் சொல்லும் பள்ளிப் பதிவேடு (இப்போது எஸ்.எஃப். 10), பிரசவ மருத்துவமனைக் குறிப்பு என்று கிடைப்பதைக் கேட்கும் முன்பே சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும். மூன்று, எழுத்துப் பிழை. 2001-இல் வந்த குடியரசுச் சட்டம் 9048-இன்படி எழுத்துப் பிழையை நீதிமன்றம் போகாமல் ஊர்ப் பதிவாளரிடமே திருத்தலாம், மனுக் கட்டணம் 1,000 பெசோ. பிறந்த நாள், மாதம், ஆண்/பெண் என்ற குறிப்பு ஆகியவற்றை 2012-இன் 10172-ஆம் சட்டப்படி திருத்தலாம், அதற்கு 3,000 பெசோ. பிறந்த ஆண்டு தவறென்றால் இந்த வழி கிடையாது, நீதிமன்றம்தான். மனு ஏற்கப்பட்டாலும் பழைய சான்றிதழ் மாறாது. திருத்தம் ஓரக்குறிப்பாக ஏறிய புது நகல் பி.எஸ்.ஏ.விடமிருந்து வர வேண்டும். இதற்கு மாதக்கணக்கில் ஆகும். அதனால் உங்கள் தோழி இன்றைக்குச் செய்ய வேண்டிய முதல் வேலை, நால்வரின் பி.எஸ்.ஏ. நகல்களையும் ஆன்லைனில் வாங்கி, ஒரு மேசையில் பாஸ்போர்ட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் படிப்பது. பிள்ளைகளின் சான்றிதழில் தாயின் பெயர், பெற்றோர் மணம் முடித்த தேதி ஆகிய கட்டங்களைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். யாரும் பார்க்காத கட்டம் அதுதான், பிழை ஒளிந்திருப்பதும் அங்கேதான்.

அடுத்தது கொஞ்சம் சங்கடமான விஷயம், தோழியிடம் தனியாகக் கேளுங்கள். விண்ணப்பத்தில் சொல்லாத பிள்ளையோ துணையோ உண்டா? கூட வராவிட்டாலும் எல்லாப் பிள்ளைகளையும் பட்டியலில் காட்டி மருத்துவப் பரிசோதனையும் செய்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பிள்ளையைப் பின்னால் 'குடும்ப வகுப்பு' என்ற குடியேற்றப் பிரிவில் அழைக்கவே முடியாதபடி விதி தடுக்கிறது. வேலைக்குக் கிளம்பும்போது 'மணமாகாதவர், பிள்ளை இல்லை' என்று ஏஜென்ட் எழுதிக்கொடுத்த காகிதம் பத்து ஆண்டு கழித்துத் தாயின் கழுத்தைப் பிடிப்பது இப்படித்தான். 2019-இல் சிலருக்கு விலக்குத் தரும் தற்காலிக ஏற்பாடு ஒன்று வந்தது. அதை நம்பி மறைக்கக்கூடாது. மறைத்தது ஏதும் இருந்தால் கோப்பு முடிவாகும் முன் தாங்களாகவே தெரிவித்துவிடுவதுதான் வழி, அதுவும் உரிமம் பெற்ற ஆலோசகர் துணையோடு. பிலிப்பைன்ஸில் முஸ்லிம் தனிச்சட்டத்துக்கு உட்பட்டவர்களைத் தவிர மற்றவர்களுக்கு விவாகரத்துச் சட்டம் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். பத்து ஆண்டாகப் பிரிந்து வாழ்பவரும் சட்டப்படி கணவர்தான். உங்கள் தோழிக்கு அந்தச் சிக்கல் இல்லை என்று தோன்றுகிறது. ஆனால் இந்தப் பதிலைப் படிக்கும் வேறு யாருக்கேனும், பிள்ளை மட்டும் வந்து தந்தை வராத நிலை இருந்தால், உடன் வராத பெற்றோர் கையொப்பமிடும் ஐ.எம்.எம். 5604 படிவம் வேண்டியிருக்கும். தந்தை எங்கே என்றே தெரியாதென்றால் நீதிமன்றக் காவல் உத்தரவு கேட்பார்கள். பெற்றோர் மணம் செய்யாமல் பிறந்த பிள்ளைக்குப் பிலிப்பைன்ஸ் குடும்பச் சட்டம் முழுப் பெற்றோர் அதிகாரத்தையும் தாயிடமே தருகிறது, அதனால் அங்கே வேலை சற்று எளிது.

காவல்துறைச் சான்று என்றால் அங்கே என்.பி.ஐ. எனும் தேசியப் புலனாய்வு அமைப்பு தரும் கிளியரன்ஸ். 18 வயது ஆனவர்களுக்குத்தான் என்பதால், அங்கிருந்து வரும் மூவரில் கணவருக்கு மட்டும். அதே பெயரில் யார்மீதோ வழக்கு இருந்தால் 'ஹிட்' என்று சொல்லித் திருப்பி அனுப்பி, சரிபார்த்து, ஒன்றிரண்டு வாரம் கழித்து வரச் சொல்வார்கள். பயப்பட ஒன்றுமில்லை, நாள் போகும், அவ்வளவுதான். கடந்த 10 ஆண்டில் எந்த நாட்டிலாவது தொடர்ந்து ஆறு மாதம் இருந்திருந்தால் அந்த நாட்டுச் சான்றும் வேண்டும். எலக்ட்ரீஷியன் என்கிறீர்கள். சவூதி, கத்தார் பக்கம் ஒப்பந்த வேலைக்குப் போய்வந்தவரா என்று முதலில் கேளுங்கள். வளைகுடா நாட்டை விட்டு வந்தபிறகு அங்கிருந்து இந்தச் சான்றை வாங்குவதுதான் பல கோப்புகளில் கடைசியாக நிற்கும் காகிதம்.

மருத்துவப் பரிசோதனையைக் கனடா அங்கீகரித்த மருத்துவர்களிடம்தான் செய்ய முடியும். இலோய்லோக்காரர்கள் பெரும்பாலும் செபுவுக்கோ மணிலாவுக்கோ போய்வருகிறார்கள். பத்து வயதுக்காரருக்கு உடல் பரிசோதனையும் சிறுநீரும் போதும். மார்பு எக்ஸ்ரே 11 வயதிலிருந்து, இரத்தப் பரிசோதனை 15-இலிருந்து. சிக்குவது எக்ஸ்ரேயில். பிலிப்பைன்ஸில் காசநோய் அதிகம். பழைய தழும்பு ஒன்று தெரிந்தாலும் மூன்று சளி மாதிரி எடுத்து வளர்ப்புச் சோதனைக்கு வைப்பார்கள், அதன் முடிவு வர எட்டு வாரம் வரை ஆகும். நோய் இருப்பது உறுதியானால் ஆறு மாதச் சிகிச்சை முடிந்தபிறகே அடுத்த கட்டம். கணவருக்கு நாள்பட்ட இருமல் இருந்தாலோ முன்பு சிகிச்சை எடுத்திருந்தாலோ இப்போதே ஊர் அரசுச் சுகாதார நிலையத்தில் பார்த்துவிடுவது நல்லது, அங்கே காசநோய் மருந்து இலவசம். பழைய எக்ஸ்ரே படம் இருந்தால் கையோடு கொண்டுபோக வேண்டும். தழும்பு மாறாமல் இருக்கிறது என்று காட்ட அதுதான் சாட்சி. இங்கே வந்தபின் பொதுச் சுகாதார அலுவலகத்தைத் தொடர்புகொள்ளுங்கள் என்று தாள் கொடுத்தால் 30 நாளுக்குள் தொடர்புகொள்ள வேண்டும். அது தண்டனை இல்லை, கண்காணிப்பு மட்டுமே.

பரிசோதனை 12 மாதம் செல்லும். பி.ஆர். உறுதிப் பத்திரத்தின் காலாவதி பெரும்பாலும் அந்தத் தேதியையோ பாஸ்போர்ட் முடியும் தேதியையோ, எது முன்னால் வருகிறதோ அதை ஒட்டியே இருக்கும். இதில் ஒரு பொறி உண்டு. பிலிப்பைன்ஸில் பெரியவர்களின் பாஸ்போர்ட் 2018-இலிருந்து 10 ஆண்டு செல்லும், 18 வயதுக்குக் கீழ் இன்னமும் 5 ஆண்டுதான். அப்பாவுடையது நீண்டிருக்க, பிள்ளையுடையது நாலு மாதத்தில் முடிவதாக இருக்கும். பிள்ளைகளின் பாஸ்போர்ட்டை முதலில் புதுப்பித்துவிட்டுப் பிறகு மற்ற வேலைகள்.

நம்மவர்களுக்குப் பழக்கமில்லாத ஒரு கட்டம் இனிமேல்தான். விசா கையில் இருந்தாலும் பிலிப்பைன்ஸ் தன் குடிமக்களைச் சும்மா ஏற விடாது. குடியேறப் போகிறவர்கள் சி.எஃப்.ஓ. எனப்படும் வெளிநாட்டுப் பிலிப்பினோக்கள் ஆணையத்தில் பதிந்து, புறப்படுமுன் வழிகாட்டல் வகுப்பில் உட்கார்ந்து, சான்றிதழ் வாங்க வேண்டும். கட்டணம் 400 பெசோ. 12 வயதுக்கு உட்பட்டவருக்குப் பதிவு மட்டும், வகுப்பு இல்லை. 16 வயதுக்காரருக்கு இளையோருக்கான தனி அமர்வு. இந்தச் சான்று இல்லாமல் மணிலா விமான நிலையம் போனால் குடிவரவு மேசையிலேயே நிறுத்திவிடுவார்கள், டிக்கெட் பணம் போய்விடும். ஒப்பந்த வேலைக்குப் போகிறவர்கள் வாங்கும் காகிதம் வேறு, அது தொழிலாளர் இடப்பெயர்வுத் துறையிடம் வாங்குவது. கணவர் முன்பு அந்த வழியில் போனவர் என்றால் இரண்டையும் குழப்பிக்கொள்ள வாய்ப்பு அதிகம். சட்டப்படி மணம் செய்த பெற்றோரின் பிள்ளைகள் தந்தையோடு பறப்பதற்குச் சமூகநலத் துறையின் அனுமதி வேண்டாம். மணம் பதியப்படாமல் இருந்தால், தந்தையே அழைத்துவந்தாலும் அந்த அனுமதியும் தாயின் ஒப்புதல் பத்திரமும் வேண்டும். தாய் கனடாவில் இருப்பதால் அந்தப் பத்திரத்தைத் தூதரகம் வழியாகவோ, 2024 ஜனவரியிலிருந்து கனடாவும் தருகிற அப்போஸ்டில் எனும் சான்றளிப்பு முத்திரையோடோ அனுப்பலாம்.

டிக்கெட் போடும்போது அமெரிக்கா வழியைத் தவிர்க்கச் சொல்லுங்கள். விமானம் மாறுவதற்குக்கூட அங்கே விசா வேண்டும். மணிலா–வான்கூவர்–வினிபெக் என்றால் பி.ஆர். நடைமுறை முடிவது வான்கூவரில். அடுத்த விமானத்துக்குக் குறைந்தது நாலு மணி நேர இடைவெளி வைக்க வேண்டும். சுங்கத்தில் இரண்டு பட்டியல் தரச் சொல்வார்கள்: இப்போது கொண்டுவந்தவை, பின்னால் வரவிருப்பவை. பின்னால் வருவது எதுவும் இல்லை என்று நினைத்தாலும், பாட்டி அனுப்பக்கூடிய நகை, பாத்திரம், கருவிப் பெட்டி எல்லாவற்றையும் எழுதிவிடுவது நல்லது. முதல்நாள் எழுதாததைப் பின்னால் வரியில்லாமல் எடுக்க முடியாது.

பெட்டி விஷயத்துக்கு இப்போது வருகிறேன். பிலிப்பைன்ஸ் பிளக்கும் கனடா பிளக்கும் ஒரே மாதிரித் தட்டை முள். அதனால் ஏமாறுவார்கள். அங்கே 220–230 வோல்ட், இங்கே 120. சோறு வடிக்கும் குக்கரைக் கொண்டுவந்து சொருகினால் அழகாகப் பொருந்தும், விளக்கும் எரியும், ஆனால் கால்பங்கு சூடுதான் வரும், அரிசி ஊறிக்கொண்டே கிடக்கும். போன், லேப்டாப் சார்ஜர்களில் '100–240' என்று அச்சிட்டிருந்தால் கவலையில்லை. எலக்ட்ரீஷியனுக்கு இதைச் சொல்லித் தரவேண்டாம், ஆனால் பெட்டி கட்டுவது பாட்டி. லோங்கனிசா, தொசினோ, சிச்சரோன் என்று பன்றி இறைச்சி எதுவும் வரக்கூடாது. மறைத்துப் பிடிபட்டால் அபராதம் 1,300 டாலர் வரை போகும். உலர்ந்த மாம்பழம், கருவாடு கொண்டுவரலாம், ஆனால் சொல்லிவிட்டுத்தான். குளிர் கோட்டை அங்கே வாங்கவே வேண்டாம். மணிலா கடையில் 'விண்டர் ஜாக்கெட்' என்று விற்பது வினிபெக்கின் அக்டோபருக்கு உதவும், −30-ஐத் தொடும் ஜனவரிக்கு உதவாது. அந்தப் பணத்தில் மூவருக்கும் பல் வைத்தியத்தையும் கண்ணாடியையும் இலோய்லோவிலேயே முடித்துவிட்டால் இங்கே ஆகும் செலவில் பெரும்பங்கு மிச்சம். கட்டாயம் கொண்டுவர வேண்டியவை: பிள்ளைகளின் தடுப்பூசிப் புத்தகம் (பி.சி.ஜி. எனும் காசநோய்த் தடுப்பூசி போட்ட குறிப்போடு, ஏனென்றால் தோல் காசநோய்ச் சோதனை அதனால் தவறாக நேர்மறை காட்டலாம்), பள்ளிப் பதிவேடுகள், கணவரின் வாகன உரிமத்துக்கு அந்நாட்டுப் போக்குவரத்து அலுவலகமான எல்.டி.ஓ. தரும் அனுபவச் சான்று, வேலை பார்த்த இடங்களிலிருந்து கடிதங்கள்.

அந்தக் கடிதங்களைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாக. வினிபெக் இருக்கும் மானிடோபா மாகாணத்தில் மின்பணி உரிமம் கட்டாயமான தொழில். எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் நேராகப் போய் வயரிங் செய்ய முடியாது. பிலிப்பைன்ஸின் தொழிற்பயிற்சி அமைப்பான டெஸ்டா தரும் என்.சி. 2 சான்றிதழ் இங்கே தானாகச் செல்லாது. தொழில் தகுதியைச் சரிபார்க்கும் மாகாண அமைப்பான அப்ரென்டிஸ்ஷிப் மானிடோபா கேட்பது மணிக்கணக்கு: எந்த நிறுவனம், எந்தத் தேதியிலிருந்து எதுவரை, வாரத்துக்கு எத்தனை மணி, வீட்டு வயரிங்கா, தொழிற்சாலையா, பேனலா, மோட்டாரா. 'நல்ல உழைப்பாளி, நேர்மையானவர்' என்று முதலாளி எழுதிய கடிதத்தால் ஒரு மணிக்கும் பயனில்லை. நிறுவனம் மூடிவிட்டால் தேடிப்பிடிப்பது இன்னும் கடினம், அதனால் ஊரில் இருக்கும்போதே இந்த வேலை நடக்க வேண்டும். அப்படியும் முதல் ஆண்டில் அவர் கிடங்கிலோ துப்புரவிலோதான் இருப்பார் என்று எதிர்பார்த்துக்கொள்வது நல்லது. அங்கே மனைவி அனுப்பிய பணத்தில் வீட்டை நிர்வகித்த மனிதர், இங்கே மனைவிக்குத் தெரிந்த ஊரில், மனைவிக்குத் தெரிந்த பேருந்தில், மனைவியின் வங்கிக் கணக்கில் தொங்கிக்கொண்டு நிற்பார். சண்டை வருவது பணத்தால் என்று இருவரும் நினைப்பார்கள். பாதி இதனால் வருகிறது.

இறங்கிய முதல் வாரத்து வேலைகள் சுருக்கமாக: கணவருக்கும் மூத்தவருக்கும் சமூகக் காப்பீட்டு எண், மானிடோபா சுகாதார அட்டை, பிள்ளை உதவித்தொகைக்கான ஆர்.சி. 66 விண்ணப்பம். உதவித்தொகை பி.ஆர். உள்ளவருக்குக் காத்திருப்பில்லாமல் தொடங்கும். 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரையான ஆண்டுக்கு 6–17 வயதுப் பிள்ளைக்கு உச்சபட்சம் 6,748 டாலர், குடும்ப வருமானம் ஏற ஏறக் குறையும். இங்கே ஒரு பழைய கணக்கு இடிக்கலாம். தோழி இத்தனை ஆண்டும் வருமான வரிப் படிவத்தில் 'தனியர்' என்று எழுதி வந்திருந்தால் அதைத் திருத்தியாக வேண்டும். கணவர் வெளிநாட்டில் இருந்தாலும் மணமானவர் மணமானவர்தான். வீட்டைப் பொறுத்தவரை, குடும்பம் வருவதற்கு ஒரு மாதம் முன்பே வாடகை ஒப்பந்தத்தைத் தன் பெயரில் எடுத்துவிடுவது நல்லது. ஏழு ஆண்டுச் சம்பளச் சீட்டும் கடன் வரலாறும் அவரிடம்தான் இருக்கின்றன. மானிடோபாவில் முன்பணம் அரை மாத வாடகைக்கு மேல் கேட்கச் சட்டம் இடம் தராது.

பள்ளிக்கு வருவோம். பிலிப்பைன்ஸ் பள்ளி ஆண்டு மறுபடி ஜூனில் தொடங்கி மார்ச்சில் முடியும் முறைக்குத் திரும்பிவிட்டது. முடிகிறவரை முடித்துக்கொண்டு ஏப்ரலில் வந்தால் இங்கே ஜூன் இறுதிவரை இரண்டரை மாதம் வகுப்பில் உட்காரலாம். மதிப்பெண் கவலையில்லாமல் இடம் பழகும், குளிரும் முடிந்திருக்கும். பத்து வயதுக்காரர் வயதுக்கேற்ற வகுப்பில் போவார், அதில் தகராறு வராது. பதினாறு வயதுதான் இக்கட்டான வயது. மானிடோபாவில் உயர்நிலைப் பள்ளி முடிக்க 30 கிரெடிட் வேண்டும். அங்கே படித்த பாடத்துக்கு எத்தனை கிரெடிட் தருவது என்பதைப் பள்ளியே முடிவு செய்கிறது. பதிவேட்டில் பாடவாரியாக மதிப்பெண் இல்லாவிட்டால் குறைத்துத்தான் தருவார்கள். ஆங்கிலத்திலேயே படித்த பிள்ளையை 'ஆங்கிலம் கூடுதல் மொழி' வகுப்பில் போட்டுவிட்டார்கள் என்று பெற்றோர் மனம் நோவதுண்டு. மறுமதிப்பீடு கேட்கலாம். கேட்டால் பல நேரம் மாற்றுகிறார்கள். மொழித் தேர்வு எழுதித் தாய்மொழிக்குக் கிரெடிட் வாங்கும் வழியும் உண்டு, பள்ளி ஆலோசகர் தானாகச் சொல்லாவிட்டால் கேட்டுப் பார்க்க வேண்டும். 21 வயது ஆகும் ஆண்டின் ஜூன்வரை பள்ளியில் இருக்க உரிமை இருப்பதால் அவசரப்பட்டு வேலைக்கு அனுப்ப வேண்டாம்.

இனி வீட்டுக்குள். இதில் சட்டப் பிரிவு காட்டிப் பேச முடியாது, திரும்பத் திரும்பப் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். மூன்று வயதில் விட்டுவந்த பிள்ளைக்குத் தாய் என்பவர் போன் திரையில் இரவில் தெரியும் முகம், மாதாமாதம் வரும் பணம், ஆண்டுக்கொருமுறை வரும் பெரிய அட்டைப் பெட்டி. தூங்கவைத்ததும் காய்ச்சலில் கூட இருந்ததும் லோலா, அதாவது பாட்டி. விமான நிலையத்தில் கட்டிப்பிடித்து அழும் படம் எல்லோரிடமும் இருக்கும். பிள்ளை எதற்கெடுத்தாலும் "லோலா இப்படிச் செய்யமாட்டா" என்று சொல்லும் நாட்கள் அதற்குப் பின்னால்தான் வரும். தாய்க்கு அது நன்றிகெட்ட பேச்சாகக் கேட்கும், ஏழு ஆண்டு இவர்களுக்காகத்தானே உழைத்தேன் என்று தோன்றும். பிள்ளைக்கோ தன்னை வளர்த்தவரை இப்போதுதான் இழந்திருக்கிறது. மூத்தவர் வேறு மாதிரி: முகம் கொடுத்துப் பேசமாட்டார், அறைக்கதவு மூடியிருக்கும், இலோய்லோ நண்பர்களோடு நள்ளிரவில் அரட்டை.

பலன் தருவதாக நான் பார்த்த சில ஏற்பாடுகளைச் சொல்கிறேன். முதல் ஒரு மாதம் தாய் விடுப்பு எடுக்க வேண்டும், முடியாவிட்டால் இரவு ஷிப்டையும் கூடுதல் ஷிப்டையுமாவது விட வேண்டும். குடும்பம் வந்த செலவை ஈடுகட்ட இரண்டாவது வேலை பிடிப்பதுதான் எல்லோரும் செய்வது, கெடுப்பதும் அதுதான். பாட்டியோடு பேசும் நேரத்தைக் குறைக்கவே கூடாது. முடிந்தால் பாட்டியின் வாயாலேயே "இனி அம்மா சொன்னபடி கேள்" என்று பிள்ளைகளிடம் சொல்ல வைக்கலாம், அது தாய் நூறு முறை சொல்வதைவிடப் பலிக்கும். கண்டிப்பு, தண்டனை எல்லாம் கொஞ்ச காலம் தந்தை கையில் இருக்கட்டும், அவரோடுதான் பிள்ளைகள் வாழ்ந்திருக்கிறார்கள். தாய் பள்ளிக்குக் கூட்டிப்போவது, சமைத்துக் கொடுப்பது, பேருந்து வழி காட்டுவது என்று தினசரி வேலைகளில் புகுந்துகொள்ளட்டும். மூத்தவரோடு மனம்விட்டுப் பேச உட்காருவதைவிட, சேர்ந்து கடைக்குப் போய்ப் பூட்ஸ் வாங்குவது நல்ல தொடக்கம். இதெல்லாம் எத்தனை மாதத்தில் சரியாகும் என்று கேட்காதீர்கள். இளையவர்கள் பெரும்பாலும் ஓராண்டுக்குள் ஒட்டிக்கொள்கிறார்கள். பதின்ம வயதினரிடம் அப்படி ஒரு கணக்குச் சொல்ல வராது. மூத்தவர் சாப்பாட்டையோ பள்ளியையோ வாரக்கணக்கில் தவிர்த்தால் பள்ளி ஆலோசகரிடம் உடனே சொல்ல வேண்டும்.

செருப்பாலோ பெல்ட்டாலோ அடிக்கும் வழக்கம் வீட்டில் இருந்தால் அதை மணிலாவிலேயே விட்டுவரச் சொல்லுங்கள், பள்ளி ஆசிரியர் தழும்பைப் பார்த்தால் குழந்தைநலத் துறைக்குத் தெரிவிப்பது அவருடைய கடமை. இன்னொன்று ஷிப்ட் வேலைக் குடும்பங்களுக்குத் தெரிவதே இல்லை: மானிடோபாச் சட்டப்படி 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளையைத் தகுந்த ஏற்பாடில்லாமல் தனியே விட்டால் அதைப் பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளையாகக் கருதலாம். பத்து வயதுக்காரர் பள்ளி விட்டு வரும் நேரத்தில் வீட்டில் யார் இருப்பார் என்பதைக் கணவன் மனைவி இருவரின் ஷிப்ட் தாளையும் வைத்து முன்கூட்டியே பார்க்க வேண்டும். 16 வயது அக்காவோ அண்ணனோ பார்த்துக்கொள்வது தவறில்லை, ஆனால் தினமும் அதுவே அவர் வேலையாகிவிட்டால் மேலே சொன்ன மனக்கசப்பு இரட்டிப்பாகும்.

பாட்டியை மறந்துவிட வேண்டாம், பணமும் மனமும் அவர் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். அவர் தோழியின் தாய் என்றால், வருமான வரம்பு பொருந்தினால், பெற்றோர் நீண்டகாலம் வந்து தங்குவதற்கான சூப்பர் விசாவில் அழைக்கலாம். 2022 ஜூலையிலிருந்து ஒரே வருகையில் 5 ஆண்டுவரை தங்க முடியும், குறைந்தது 1,00,000 டாலர் மருத்துவக் காப்பீடு வேண்டும். கணவரின் தாய் என்றாலும் கணவர் பி.ஆர். ஆனபின் இதே வழி. பிலிப்பைன்ஸ் சமூகப் பாதுகாப்பு அமைப்பான எஸ்.எஸ்.எஸ்.-இல் கணவர் கட்டும் ஓய்வூதியச் சந்தாவை அப்படியே விட்டுவிட வேண்டாம், தன்னிச்சைச் சந்தாவாகத் தொடரலாம். இரு நாட்டுக்கும் 1997 முதல் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருப்பதால் அங்கே கட்டிய காலம் இங்கே தகுதிக்குக் கணக்கில் சேரும். தோழி கனடாக் குடியுரிமை உறுதிமொழி எடுத்தால் பிலிப்பைன்ஸ் குடியுரிமை போய்விடும், 9225-ஆம் சட்டப்படி திரும்பப் பெறலாம். அப்போது 18 வயதாகாத, மணமாகாத பிள்ளைகளும் அதே மனுவில் சேர்ந்துகொள்வார்கள். மூத்தவருக்கு இப்போது 16. கனடாக் குடியுரிமைக்குத் தேவையான 1,095 நாள் வசிப்பு தோழிக்கு எப்போது முடியும் என்று தேதியைக் கணக்குப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.